வேலூரிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கடலோரமாக காரில்: போகிற வழியில் பேச்சு இங்கிலீஷ் பழகலாமா?

காட்பாடி_ரயிலடி:

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு லீவில் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிறோம், சொந்தக் காரில், நான்தான் ஓட்டுகிறேன். திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக நேராகப் போய்விடலாம், ஆனால் பிள்ளைகள் கடலைப் பார்த்துக்கொண்டே போகணும் என்று ஒரே அடம். அதனால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போய், அங்கே ஈசிஆரைப் பிடித்து மரக்காணம், புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி என்று ஓரமாகவே இறங்குவதாக முடிவு.

இப்போது கேள்வி. நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ அப்பர் யூனிட்டில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். படித்தது முழுக்கத் தமிழ் மீடியம். மெயில் படிப்பேன், பதில் எழுதுவேன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் வந்து, ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சும்மா நாலு வார்த்தை பேசினார் என்றால் 'யெஸ் சார்' தாண்டி வாய் வராது. பெண் எட்டாவது, பையன் ஐந்தாவது, இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம்தான். போயம் ஒப்பிக்கச் சொன்னால் மடமடவென்று வரும், 'அந்தத் தண்ணி பாட்டிலை எடு' என்பதை இங்கிலீஷில் சொல்லு என்றால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

மொபைலில் ஆப் போட்டும் பார்த்தோம், ஆமை ஆப்பிள் தின்கிறது என்கிற ரீதியில் அது ஏதோ தனி உலகத்தில் போகிறது. எப்படியும் காரில் மணிக்கணக்காக உட்காரப் போகிறோம், அந்த நேரத்தில் தினசரி புழங்குகிற வார்த்தைகளைப் பிடிக்க முடியுமா? ரோடு சம்பந்தமாக, கடல் சம்பந்தமாக யாரிடமாவது லிஸ்ட் இருந்தால் போடுங்கள், பிரிண்ட் எடுத்து வண்டியில் வைத்துக்கொள்கிறேன்.

குடியாத்தம்_மருமகள்:

அண்ணா, லிஸ்ட் எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றால் வாலாஜா தாண்டுவதற்குள் பிள்ளைகள் காதில் ஹெட்போன் ஏறிவிடும். எங்கள் நைனா அப்படித்தான், பஸ்ஸில் போனாலும் ஜன்னல் வழியே தெரிகிற போர்டுக்கெல்லாம் ஸ்பெல்லிங் கேட்பார். ஆம்பூர் பக்கம் போனால் எல்லோருக்கும் பிரியாணி ஞாபகம் வரும், எனக்கு 'டேனரி' ஸ்பெல்லிங் ஞாபகம் வரும்.

இன்னொன்று, வழி நெடுக இருப்பவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். மரக்காணத்தில் இளநீர் வெட்டுகிற அம்மாவிடம் போய் 'ஹவ் மச்' என்றால் விலை பத்து ரூபாய் ஏறும், வேறு ஒன்றும் நடக்காது. யாரிடம் பேசிப் பழகுவீர்கள்?

ஆரணி_டீச்சர்:

அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லிஸ்ட் வேண்டாம் என்பதே என் கருத்தும், ஆனால் காரணம் வேறு. உங்களுக்குத் தெரியாதது பெயர்ச்சொல் இல்லை. நீங்கள் வண்டியில் சாதாரணமாகப் பேசுவதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் கார், ரோடு, டயர், பிரேக், கியர், ஹார்ன், சிக்னல், டோல்கேட், பார்க்கிங், பைபாஸ், டீசல் என்று பாதி இங்கிலீஷாகத்தான் இருக்கும். பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே வாயில் இருக்கின்றன, அவற்றை நடத்துகிற வினைச்சொல்தான் இல்லை. தமிழில் பேசும்போது அந்த வேலையைப் 'போடு', 'அடி', 'பண்ணு' என்று மூன்று பேர் பார்த்துக்கொள்கிறார்கள். கியர் போடு, பிரேக் போடு, ஏசி போடு, பெட்ரோல் போடு, சீட் பெல்ட் போடு, பாட்டு போடு, யூ டர்ன் போடு. எல்லாவற்றுக்கும் ஒரே போடு. இங்கிலீஷில் வாய் திறக்கும்போதும் அதே மாதிரி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று கிடைக்குமா என்று மனசு தேடுகிறது, கிடைக்காததால் வாக்கியம் அங்கேயே நின்றுபோகிறது.

அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி ஜோடி. கியரை 'சேஞ்ச்' செய்வார்கள். பிரேக்குக்கு வேறு வினையே வேண்டாம், 'பிரேக்' என்பதே வினை, சடாரென்று போட்டால் 'ஸ்லாம் ஆன் த பிரேக்ஸ்'. ஏசிக்கு 'டர்ன் ஆன்'. பெட்ரோலுக்கு 'ஃபில் அப்'. யூ டர்னுக்கு 'மேக்'. சீட் பெல்ட்டுக்கும் பாட்டுக்கும் 'புட் ஆன்' பொருந்தும், ஆனால் அந்த 'ஆன்' விட்டுப்போகக் கூடாது, நம் பிள்ளைகள் விடுவது அதைத்தான். ஹார்ன் அடிப்பது 'ஹாங்க்'. வண்டியை ஓரங்கட்டுவது 'புல் ஓவர்'. கண்ணாடி இறக்குவது 'ரோல் டவுன் த விண்டோ', கைப்பிடியைச் சுற்றுகிற காலம் போய் பட்டன் வந்தும் அந்தச் சொல் மட்டும் போகவில்லை.

ஆகவே மனப்பாடம் வேண்டாம், எது நடக்கிறதோ அதை நடக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ஐ ஆம் ஸ்லோயிங் டவுன், தேர் இஸ் எ ஸ்பீட் பிரேக்கர் அஹெட்.' 'தட் லாரி இஸ் ட்ரையிங் டு ஓவர்டேக்.' பக்கத்து சீட்டில் இருப்பவர் வழி சொல்லட்டும்: 'கீப் லெஃப்ட்', 'கோ ஸ்ட்ரெய்ட் ஆன்', 'டேக் த செகண்ட் ரைட்'. பின்சீட்டு வேலை நச்சரிப்பது, அதையும் இங்கிலீஷில் நச்சரிக்கட்டும்: 'ஆர் வி தேர் யெட்', 'ஹவ் மச் லாங்கர்', 'கேன் வி ஸ்டாப் ஃபார் எ பிட்', 'பாஸ் மீ த வாட்டர் பாட்டில்'. எவ்வளவு தூரம் என்பதற்கு 'ஹவ் மச் டிஸ்டன்ஸ்', எவ்வளவு நேரம் என்பதற்கு 'ஹவ் மச் டைம்' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம், புரிந்துகொள்வார்கள், ஆனால் 'ஹவ் ஃபார்', 'ஹவ் லாங்' என்று கேட்டால் சின்னதாகவும் இருக்கும், இயல்பாகவும் இருக்கும்.

காரில் ஏறுவது 'கெட் இன்', இறங்குவது 'கெட் அவுட்'. பஸ், ரயில் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க இடம் இருந்தால் 'ஆன்' என்று வகுப்பில் சொல்வேன், ஆட்டோவுக்கு இடம் இல்லை, அதனால் 'இன்'. பைக்குக்கு இது பொருந்தாது, அதன் மேலே உட்காருகிறோம், அங்கேயும் 'ஆன்'தான்.

நாள் முழுக்க செய்யாதீர்கள், நைனா கதையாகிவிடும். காஞ்சிபுரம் முதல் செங்கல்பட்டு வரை இங்கிலீஷ் மட்டும், அது 40 கிலோமீட்டருக்குப் பக்கம்தான், அதற்கு அப்புறம் கம்முனு தமிழ். யாரிடம் பேசுவது என்ற கேள்விக்கும் இதுவே பதில், வெளியே யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், காருக்குள் ஆள் இருக்கிறது.

பாகாயம்_வண்டி:

டீச்சர் அருமை. நான் சிஎம்சிக்கு வருகிற பார்ட்டிகளுக்கு வண்டி ஓட்டுகிறேன், கொல்கத்தா, ராஞ்சி, கவுகாத்தி, பங்களாதேஷ் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் ஏறுவார்கள், ஆஸ்பத்திரி சுத்துவட்டாரத்தில் லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் பெங்காலியிலேயே போர்டு இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எனக்கு இங்கிலீஷும் இந்தியும் வந்தது ஸ்டியரிங் பிடித்துத்தான், அதிலும் முதலில் வந்தது சண்டைக்கும் அவசரத்துக்கும் வேண்டிய வார்த்தைகள், ஏனென்றால் எல்லாம் நல்லா போய்க்கொண்டிருக்கும்போது யாரும் டிரைவரிடம் பேசுவதில்லை, வண்டி நின்றால்தான் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

சார், அதனால் அந்த மாதிரி நேரத்து வார்த்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி வழியில் நின்றுபோனால் 'பிரேக் டவுன்'. ரேடியேட்டர் சூடு 'ஓவர்ஹீட்'. பெட்ரோல் தீர்ந்தால் 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்'. மணலில் சக்கரம் புதைந்தால் 'வி ஆர் ஸ்டக்', இது கடலோரத்தில் கட்டாயம் உபயோகப்படும், பீச் ஓரம் பார்க்கிங் என்று நம்பி இறக்காதீர்கள். பஞ்சர் என்று சொல்லலாம், 'வி ஹாவ் எ ஃப்ளாட் டயர்' என்றும் சொல்லலாம். ஆனால் ஸ்டெப்னி, டிக்கி இரண்டும் நம்ம ஊர் எல்லைக்குள்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பார்ட்டியிடம் 'பேக்ஸ் இன் டிக்கி' என்றேன், அவர் என்னையே பார்த்தார். 'பூட்' என்பார்கள், அமெரிக்கா ஆள் என்றால் 'ட்ரங்க்'. ஸ்டெப்னிக்கு 'ஸ்பேர் டயர்'. சாப்பாட்டுக் கடையில் பார்சல் என்றால் அவர்களுக்கு கூரியரில் வருகிற பெட்டி, 'டேக் அவே' என்று கேட்கணும்.

பிள்ளைகளுக்கு ஈசிஆரில் வாந்தி வரலாம். 'வாமிட்டிங் கமிங்' வேண்டாம், 'ஐ ஃபீல் கார்சிக்', முத்திப்போனால் 'ஐ ஆம் கோயிங் டு த்ரோ அப்'. இந்த ஒரு வாக்கியத்தை எந்த மொழியில் சொன்னாலும் சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கள் சார்.

டோல்கேட்டில் முன்பெல்லாம் 'சேஞ்ச் இல்லை', 'ரிட்டர்ன் டிக்கெட்' என்று நாலு வார்த்தை பேச வாய்ப்பு இருந்தது. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆன பிறகு அங்கே பேச ஆளே இல்லை, கேமராதான் பேசுகிறது.

ஆரணி_டீச்சர்:

ஸ்டெப்னி பற்றி ஒரு சின்ன விஷயம். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் 1900களின் தொடக்கத்தில் ஸ்பேர் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர் அது. அப்போது கார்களில் ஸ்பேர் சக்கரமே வராது. கம்பெனி மறைந்துவிட்டது, நம் மெக்கானிக் கடைகளில் மட்டும் பெயர் உயிரோடு இருக்கிறது. நம் ஊருக்குள் தாராளமாகச் சொல்லலாம்.

காட்பாடி_ரயிலடி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. அந்த 'போடு' விஷயம் எனக்கு நேராகப் பட்டது, பையரிடம் நான் திணறுவதும் அதே இடத்தில்தான்.

இரண்டு சந்தேகம். ஒன்று உச்சரிப்பு, நான் சொல்வதே தப்பாக இருந்தால் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, கடல் பக்கத்துச் சமாச்சாரம் எங்களுக்குத் தமிழிலேயே தெரியாது. பாலாற்றில் மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள், தண்ணீரையே எப்போதாவதுதான் பார்க்கிறோம்.

லாஸ்பேட்டை_வேலூரான்:

பாலாறு என்றதும் எழுதத் தோன்றியது. பிறந்தது சத்துவாச்சாரி, இப்போது இருப்பது புதுச்சேரி. கல்பாக்கம் தாண்டியதும் நீங்கள் ஒரு நீளமான பாலத்தில் ஏறுவீர்கள், கீழே இருப்பது நம் பாலாறுதான். நந்திமலையில் கிளம்பி 348 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222, வந்து வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கழிமுகம் 'எஸ்ச்சுவரி', பேச்சில் 'ரிவர் மவுத்'. ஆற்று வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிற மணல்திட்டு 'சாண்ட்பார்'. 'த ரிவர் மீட்ஸ் த ஸீ ஹியர்' என்று ஒருமுறை அந்த இடத்தில் நின்று சொன்னால் போதும்.

மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை போர்டில் 'மோனோலித்திக்' என்றெல்லாம் இருக்கும், அதை விட்டுவிடுங்கள், யாரும் வாழ்க்கையில் அதைப் பேசப்போவதில்லை. ஊருக்குள் சிற்பப் பட்டறை எதிலாவது ஐந்து நிமிஷம் நில்லுங்கள். உளி 'சிஸல்', செதுக்குவது 'கார்வ்', சில்லு தெறிப்பது 'சிப்', கடைசியில் தேய்ப்பது 'பாலிஷ்'. தூசு பறக்கும், 'கவர் யுவர் ஐஸ்'.

கடலில் இறங்கும்போது ஆழத்தை உடம்பால் சொல்லுங்கள். கணுக்கால் வரை 'ஆங்கிள் டீப்', முழங்கால் வரை 'நீ டீப்', இடுப்பு வரை 'வெய்ஸ்ட் டீப்'. உங்கள் பையனுக்கு 'ஆங்கிள் டீப்' தாண்டி அனுமதி இல்லை. இந்தக் கரை பார்க்க சாதுவாக இருக்கும், உள்ளே இழுக்கும், அந்த இழுப்புக்கு 'ரிப் கரென்ட்'. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும், 'ஸ்விம் ஸைட்வேஸ்'. இதைத் தமிழிலும் சொல்லிவையுங்கள்.

மரக்காணத்தில் ரோட்டிலிருந்தே உப்பளம் தெரியும். பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீரைக் கட்டி வெயிலில் காயவிட்டு, நீளக் கொம்பு வைத்த பலகையால் இழுத்து ஓரத்தில் குவிப்பார்கள், மழை வருகிற நேரம் என்பதால் குவியல்களை ஓலை போட்டு மூடியிருக்கவும் கூடும். 'த வாட்டர் ட்ரைஸ் அப்', 'தே ஸ்க்ரேப் த சால்ட்', 'தே பைல் இட் அப்'. நம் வேலூர் வெயிலுக்கு இது ஒன்றும் புதிதில்லை, அவர்களுக்காவது உப்பு மிஞ்சுகிறது.

பிச்சாவரத்தில் படகுக்காரர் துடுப்புப் போட்டே உள்ளே கூட்டிப்போவார். துடுப்பு 'ஓர்', போடுவது 'ரோ'. குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் சுரபுன்னைக் கிளை முகத்துக்கு நேராக வரும், அப்போது 'டக்!' என்று கத்தினால் எல்லோரும் குனியணும். யாராவது செல்ஃபிக்கு எழுந்து நின்றால் 'ஸிட் டவுன், யூ ஆர் ராக்கிங் த போட்'. என் அக்கா பிள்ளைக்கு அந்த 'டக்' இன்றைக்கும் மறக்கவில்லை, கிளை நெற்றியில் பட்ட பிறகுதான் கற்றுக்கொண்டான்.

தரங்கம்பாடியில் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய இடம் அது. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன்காரர் தமிழ் கற்றது நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகித்தான் என்பார்கள். சில வருஷத்தில் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சடித்துவிட்டார். உங்கள் ஜெர்மன் பையரிடம் பேச இதைவிட நல்ல விஷயம் வேண்டுமா?

ஆரணி_டீச்சர்:

உச்சரிப்புக்கு ரொம்பக் கவலைப்படாதீர்கள், ஒன்றிரண்டு இடத்தில் கை வைத்தால் போதும். தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது, அதனால் 'போட்' என்றால் நம் வாயில் 'போட்டு' ஆகிவிடும், ரோடு, கேட்டு, பஸ்ஸு எல்லாம் அப்படித்தான். கடைசியில் ஒட்டுகிற அந்த 'உ'வை நறுக்கிப் பழகுங்கள், அதுவே பெரிய வித்தியாசம். 'கோஸ்ட்' கடற்கரைப் பகுதி, 'காஸ்ட்' விலை, இரண்டும் கலந்தால் ஹோட்டலில் குழப்பம். 'ஐலண்ட்' எழுதும்போது நடுவில் ஒரு எஸ் இருக்கும், வாயில் வரக் கூடாது. 'ஃபெர்ரி'யில் உதட்டைப் பல் தொட வேண்டும், இல்லாவிட்டால் 'பெர்ரி', அது சாப்பிடுகிற பழம். 'பீச்' என்பதை நன்றாக இழுங்கள், குறுக்கினால் வசைச்சொல், காரணத்தை உங்கள் பெண்ணுக்கு மட்டும் சொல்லுங்கள், பையன் வேண்டுமென்றே சொல்ல ஆரம்பிப்பான்.

குடியாத்தம்_மருமகள்:

இப்படி என்றால் நானே வரலாம் போலிருக்கிறது. கத்தவும் குனியவும் விட்டால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்கும்.

காட்பாடி_ரயிலடி:

எல்லோர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, எங்கள் மாமியாரும் வருகிறார். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. செங்கல்பட்டு வரை நாங்கள் மட்டும் இங்கிலீஷில் பேசிக்கொண்டு அவரை உட்கார வைத்தால் மரியாதையாக இருக்குமா?

ஆரணி_டீச்சர்:

அவர் வருவது உங்களுக்கு லாபம். அம்மா தமிழிலேயே கேட்கட்டும், பிள்ளைகள் அதை உங்களிடம் இங்கிலீஷில் கொண்டுவரட்டும், நீங்கள் சொல்லும் பதிலைத் தமிழில் அவரிடம் கொண்டுபோகட்டும். 'பாட்டி இஸ் ஆஸ்கிங் வென் வி வில் ஸ்டாப் ஃபார் காஃபி.' லிஸ்ட் படிப்பதைவிட இது பத்து மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் பாட்டி பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கேட்க மாட்டார்.

பாகாயம்_வண்டி:

முதல் கேள்வியே ஏசி பற்றித்தான் வரும் சார், குளிருது குறை என்பார். அதற்கு 'டர்ன் டவுன் த ஏசி'.

குடியாத்தம்_மருமகள்:

அதில்தான் சண்டையே வரும் அண்ணா. 'டர்ன் டவுன்' என்றதும் எங்கள் வீட்டுக்காரர் இருபத்து நாலை இருபதாக இறக்குவார், இன்னும் குளிரும்.

ஆரணி_டீச்சர்:

'பாட்டி இஸ் கோல்ட்' என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். மீதியை ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார்.